அதபுல் காழியும் பதினாறு விதிகளும்

நூலாக வெளிவராத, ஆனால் நூலைப் போலவே ஊன்றிப் படிக்கத்தக்க ஓர் ஆவணம் இந்திய நீதித்துறையிடம் உண்டு. 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழுக் கூட்டம் ஏற்றுக்கொண்ட 'நீதித்துறை வாழ்வின் விழுமியங்கள்' என்னும் பதினாறு விதிகளே அது. ஆசனத்தில் அமர்ந்திருக்கும்போதும், அதைவிட்டு இறங்கி வீடு சென்ற பின்னரும் ஒரு நீதிபதி எவ்வாறு ஒழுகவேண்டும் என்று நீதிபதிகளே தமக்கு வகுத்துக்கொண்ட விதிகள் இவை. முழுவதும் ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும். சட்ட மாணவர்கள் தேர்வுக்காக இதைப் படிக்கிறார்கள். வழக்குரைஞர்கள் நெருக்கடி நேரும்போது எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு பிரதி என்ற நிலையில் வைத்து இதன் சொற்களையும் மௌனங்களையும் எடைபோடும் வாசிப்போ அரிது. அத்தகையதொரு வாசிப்பையே நாம் இங்கு மேற்கொள்கிறோம். அளவுகோலாக நாம் கொள்வது 'அதபுல் காழி' என வழங்கும் ஃபிக்ஹு இலக்கியம். அளவுகோலும் அளக்கப்படவேண்டியதே என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

விதிகள் பிறந்த சூழலை முதலில் நினைவுகொள்வோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே, ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் அவர்கள்மீது வழக்குப் பதியலாகாது என்பது அதன் சாரம். 1993 மே மாதத்தில் நீதிபதி வி. ராமசாமியைப் பதவிநீக்கும் தீர்மானம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 196 வாக்குகள். எதிர்ப்பாக ஒன்றுகூட இல்லை. 205 உறுப்பினர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கினர். தீர்மானம் வீழ்ந்தது. குற்றச்சாட்டை எவரும் மறுக்கவில்லை, ஆயினும் குற்றம் நிலைபெறவில்லை என்னும் விந்தையான முடிவு அது. பின்னர் 1995இல் பம்பாய்த் தலைமை நீதிபதி தொடர்பான ரவிச்சந்திரன் ஐயர் வழக்கில், தீயொழுக்கத்துக்கும் பதவிநீக்கத்துக்கும் இடையே பெரியதோர் இடைவெளி இருப்பதையும், அதை நீதித்துறை தனக்குள்ளேயே நிரப்பிக்கொள்ள வேண்டியிருப்பதையும் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பதினாறு விதிகள் அந்த இடைவெளியை நிரப்ப வந்தவை.

ஆவணத்தின் தலைப்பே நம் கவனத்துக்குரியது. புதிதாக விதிக்கப்படுபவை அல்ல இவை. ஏற்கெனவே உள்ளவை மீண்டும் எடுத்துரைக்கப்படுகின்றன என்கிறது அது. எங்கே உள்ளவை, யார் முன்பு உரைத்தவை என்பதைப் பற்றி ஆவணம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆங்கிலேய நீதிமன்ற மரபே உள்ளுறையான மூலம் என ஊகிக்கலாம். இந்த மண்ணிலேயே இதற்கு முந்தைய மூலம் ஒன்று இருந்தது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானியின் 'ஹிதாயா'வை வாரன் ஹேஸ்டிங்ஸின் ஏற்பாட்டில் சார்லஸ் ஹாமில்டன் பாரசீக வழியாக ஆங்கிலமாக்கி 1791இல் வெளியிட்டார். கம்பெனியின் நீதிமன்றங்கள் அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் முஸ்லிம்களின் மணவுறவு வழக்குகளைத் தீர்மானித்தன. அதே நூலில் காழியின் கடமைகளைப் பற்றிய விரிவான பகுதி ஒன்றும் உண்டு. வழக்காடுவோருக்கான சட்டத்தை அந்நூலிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள், தீர்ப்பளிப்பவருக்கான ஒழுக்கத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அப்பகுதி ஹிதாயாவின் தனிச்சொத்தன்று. ஹிஜ்ரி 261இல் மறைந்த அல்கஸ்ஸாஃப் இப்பொருள் குறித்தே தனிநூல் ஒன்று யாத்தார். ஜஸ்ஸாஸும் ஸத்ருஷ் ஷஹீதும் அதற்கு உரை வகுத்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் அல்மாவர்தீ, தாமே காழியாகப் பணியாற்றிய பட்டறிவோடு இத்துறையில் விரிவாக எழுதினார். நம் அரபுக் கல்லூரிகளில் ஹிதாயா பாடமாக இருப்பதால் அதையே இங்கு முதன்மையாகக் கொள்கிறோம்.

பதினாறில் பத்தாவது விதியை எடுத்துக்கொள்வோம். நீதிபதி தம் குடும்பத்தார், நெருங்கிய உறவினர், நண்பர் ஆகியோரைத் தவிர வேறெவரிடமும் அன்பளிப்போ விருந்தோம்பலோ ஏற்கலாகாது என்பது அதன் பொருள். மேலோட்டமாகப் பார்த்தால் கண்டிப்பான விதியாகவே தோன்றும். ஆயினும் 'நண்பர்' என்னும் சொல்லில் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. எப்போது முதல் நண்பர்? பதவியேற்ற மறுநாள் மாலை மாலையோடு வந்தவரும் நண்பர்தாம். அவருடைய வழக்கு அதே நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பினும் அவர் நண்பரே. விதியின் வாசகம் இவ்வேறுபாடுகள் எதனையும் அறியவில்லை.

ஹிதாயா இவ்விடத்தில் மூன்று சல்லடைகளை வைக்கிறது. மணமுடிக்கத் தடையான நெருங்கிய இரத்த உறவினர் தரும் அன்பளிப்பைக் காழி ஏற்கலாம். பதவிக்கு முன்பிருந்தே கொடுத்துவாங்கும் வழக்கமுடையவர் தருவதையும் ஏற்கலாம். ஆனால் அந்தப் பழைய நண்பர் வழக்கமான அளவினும் கூட்டிக் கொடுத்தால் ஏற்கலாகாது; கொடுப்பவருக்கு வழக்கு நிலுவையில் இருந்தால், அவர் உறவினரே ஆயினும் ஏற்கலாகாது. காலம், அளவு, வழக்கு என்னும் மூன்றும் உணர்ச்சிகளல்ல, சரிபார்க்கத்தக்க உண்மைகள். நட்பு உண்மையானதா என்று எவரும் எவருடைய நெஞ்சையும் பிளந்து பார்க்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு ஒரு கூடை மாம்பழம் வந்ததா, இவ்வாண்டு எத்தனை கூடை வந்தது என்று எண்ணினால் போதும்.

இந்தக் கூர்மை எங்கிருந்து வந்தது? ஜகாத் திரட்ட அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பிவந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக்காட்டிய நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அவர் தம் பெற்றோர் இல்லத்திலேயே இருந்திருந்தால் இவை அவரைத் தேடி வந்திருக்குமா என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பதவியைக் கழித்துவிட்டுப் பார்க்கும் கணக்கு அது. ஃபிக்ஹு அறிஞர்கள் அந்தக் கேள்வியைத்தான் விதியாக வார்த்தெடுத்தார்கள். பத்தாவது விதியை எழுதியவர்களோ பதவிக்கு முன், பதவிக்குப் பின் என்னும் கோட்டையே வரையவில்லை.

விருந்து குறித்த விதி இதனினும் நுட்பமானது. பொது விருந்துக்குக் காழி செல்லலாம். தனி விருந்துக்குச் செல்லலாகாது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? காழி வரமாட்டார் என்று முன்னரே அறிந்தால் விருந்தளிப்பவர் அவ்விருந்தை நடத்துவாரா, கைவிடுவாரா என்று பார்க்கவேண்டும். கைவிடுவார் எனில் அது தனி விருந்து. ஐந்நூறு பேர் உண்டாலும் அது தனி விருந்தே. சட்ட நூல்களில் இத்துணைச் சுருக்கமான, இத்துணை நடைமுறைக்குகந்த சோதனைகளை நாம் அதிகம் கண்டதில்லை. நீதிபதிகளுக்கென நிகழும் பாராட்டு விழாக்கள், பிறரின் செலவில் நடக்கும் கருத்தரங்கப் பயணங்கள் ஆகியவற்றை இச்சோதனைமுன் நிறுத்தினால் எத்தனை தேறும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம்.

2024 செப்டம்பர் 11 அன்று இந்தியத் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட்டின் இல்லத்துக் கணபதி பூசையில் பிரதமர் கலந்துகொண்டார். காட்சிகள் நாடெங்கும் ஒளிபரப்பாயின. அதில் தவறேதும் இல்லை என்று நீதிபதி பின்னர் விளக்கமளித்தார். வழிபாடு அவருடைய உரிமை. அதைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. விதிகளின் போதாமையே நம் அக்கறை. பதினாறு விதிகளும் வழக்குரைஞரோடு நெருங்கிப் பழகுவதைத் தடுக்கின்றன, உறவினர் வழக்கைக் கேட்பதைத் தடுக்கின்றன, பங்குவணிகச் சூதாட்டத்தைத் தடுக்கின்றன. இந்நாட்டு நீதிமன்றங்களில் மிகுதியான வழக்குகளில் ஒரு தரப்பாக நிற்பது அரசாங்கம். அந்தப் பெரும் வழக்காளியைப் பெயர் சுட்டி எந்த விதியும் பேசவில்லை. ஒரு தரப்பை மட்டும் காழி தம் இல்லத்தில் வரவேற்கலாகாது என்கிறது ஹிதாயா. அலீ (ரலி) அவர்களிடம் விருந்தாளியாகத் தங்கியிருந்த ஒருவர் வழக்காளி எனத் தெரியவந்ததும், அவரை அங்கிருந்து வெளியேறுமாறு அவர்கள் பணித்ததாக ஃபிக்ஹு நூல்கள் எடுத்தாளும் ஓர் அறிவிப்பு உண்டு. பிரதமர் அன்றைய தினம் வழக்காளியாக வரவில்லை என்று வாதிடலாம். ஆட்சியாளரே காழியை அமர்த்திய காலத்தில் அந்த வாதம் ஓரளவு செல்லும். அதிகாரப் பிரிவினையை அடித்தளமாகக் கொண்ட அரசியலமைப்பில் அது எடுபடாது.

விலகியிருத்தல் குறித்து ஒன்று சொல்லவேண்டும். நீதிபதி தம் பதவிக்கேற்ற ஒதுக்கத்தைப் பேணவேண்டும் என்கிறது ஆறாவது விதி. இரண்டாவது விதி, சட்டம் சாராத சங்கங்களில் தேர்தல்வழிப் பொறுப்பு வகிப்பதைத் தடுக்கிறது. ஹிதாயாவின் காழியோ ஜனாஸாவில் கலந்துகொள்கிறார், நோயாளியை நலம் விசாரிக்கிறார். அவை ஒரு முஸ்லிமுக்கு மற்றவர்கள் செய்யவேண்டிய கடமைகள், பதவி அவற்றை நீக்குவதில்லை. நம்மிடையே வாழ்ந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயிலைக் கம்பன் மேடைகளிலிருந்து பிரித்து எண்ணிப்பார்க்க இயலுமா? 1981இல் கேரளத்துக்கு மாற்றப்பட்டபோது தலைமை நீதிபதிப் பதவியையே துறந்தவர் அவர், கம்பனைத் துறக்கவில்லை. இலக்கியத்தில் தோய்ந்ததால் அவருடைய நடுநிலை குன்றியதாக எவரும் கூறக் கேட்டதில்லை. ஒதுக்கம் என்பது யாரிடமிருந்து என்று சொல்லாமல் ஒதுக்கத்தையே விழுமியமாக்குவது எழுதியவர்களின் சோர்வைக் காட்டுகிறது.

பதினாறு விதிகளின் மிகப்பெரிய மௌனம் வேறிடத்தில் உள்ளது. அவை பெரும்பாலும் ஆசனத்துக்கு வெளியே உள்ள வாழ்வைப் பற்றியவை. ஆசனத்தில் அமர்ந்தபின் நீதிபதி எப்படிப் பார்க்கவேண்டும், எப்படிப் பேசவேண்டும், எந்த மனநிலையில் தீர்ப்பளிக்கலாகாது என்பவை பற்றி விதிகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதபுல் காழி இலக்கியம் செழிப்பது இங்கேதான். கோபத்திலிருக்கும்போது இருவரிடையே தீர்ப்பளிக்கலாகாது என்பது புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ள நபிமொழி. அறிஞர்கள் அதன் காரணத்தை ஆராய்ந்து, பசி, தூக்கம், துயரம் என மனத்தைக் கலக்கும் எல்லாவற்றுக்கும் அதை விரித்தனர். வழக்காளிகள் இருவரையும் சமமாக அமர்த்தவேண்டும், சமமாக நோக்கவேண்டும். ஒருவரிடம் மட்டும் கிசுகிசுப்பதோ, சைகை காட்டுவதோ, சிரித்துப் பேசுவதோ, வாதத்துக்கு அடியெடுத்துக் கொடுப்பதோ கூடாது. 1876இல் நிறைவுற்ற உதுமானியரின் 'மஜல்லா' இவற்றையெல்லாம் எண்ணிட்ட சட்டப்பிரிவுகளாகவே ஆக்கியது. அதன் 1798ஆம் பிரிவு, ஒரு தரப்புக்குப் புரியாத மொழியில் மறுதரப்போடு நீதிபதி பேசுவதையும் தடுக்கிறது. நம் உயர் நீதிமன்றத்தில் தம் வழக்கு நடப்பதைத் தாமே புரிந்துகொள்ளாமல் கைகட்டி நிற்கும் தமிழரை இப்பிரிவு நினைவூட்டாமல் இராது. அது தனியே எழுதத்தக்க பொருள்.

2002இல் ஹேக் நகரில் இறுதிவடிவம் பெற்ற பெங்களூர் நெறிகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தன. சுதந்திரம், நடுநிலை, நேர்மை, ஒழுங்கு, சமத்துவம், திறமும் ஊக்கமும் என்னும் ஆறு மதிப்புகளின்கீழ் அவை நீதிமன்றத்துள் காட்டவேண்டிய பொறுமையையும் பண்பையும் சேர்த்தே பேசுகின்றன. இலங்கையைச் சேர்ந்த நீதியரசர் சி.ஜி. வீரமந்திரி அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார் என்பதும், இஸ்லாமியச் சட்டவியல் பற்றி 1988இல் ஒரு நூல் எழுதியவர் அவர் என்பதும் தற்செயலல்ல. 2007இல் வெளிவந்த விளக்கவுரையின் பின்னிணைப்பில் பிற மரபுகளோடு இஸ்லாமிய மரபும் எடுத்துப் பேசப்படுகிறது. மூலத்தை மறைக்காமல் காட்டும் அந்த நேர்மையை 1997இன் ஆவணத்திலும் எதிர்பார்த்திருக்கலாம்.

மௌனத்தின் விளைவை நாம் அண்மையில் கண்டோம். 2024இல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஆசனத்தில் இருந்தவாறே, முஸ்லிம்கள் மிகுந்து வாழும் பெங்களூர்ப் பகுதியொன்றைப் பாகிஸ்தான் என்று குறிப்பிட்டார். காணொளி பரவியது, உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 20 அன்று தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது, நீதிபதி வருத்தம் தெரிவித்தார், செப்டம்பர் 25 அன்று நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. இந்திய மண்ணின் எப்பகுதியையும் அவ்வாறு அழைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது உண்மை. ஆயினும் அந்தக் கண்டனம் நாட்டின் ஆட்புல ஒருமைப்பாட்டின்மேல் ஊன்றி நின்ற அளவுக்கு, அப்பகுதியிலிருந்து நாளை ஒருவர் அதே நீதிமன்றத்தில் வழக்காளியாக வந்து நின்றால் என்ன உணர்வார் என்பதன்மேல் ஊன்றவில்லை. வழக்காளியின் முகத்தை நோக்கி எழுதப்பட்ட விதி எதுவும் கைவசம் இல்லாதபோது வேறென்ன செய்ய முடியும்?

அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சேகர் குமார் யாதவ், விசுவ ஹிந்து பரிஷத்தின் சட்டப் பிரிவு நடத்திய கூட்டத்தில் உரையாற்றினார். பெரும்பான்மையினரின் விருப்பப்படியே நாடு இயங்கும் என்றார். முஸ்லிம்களை இழித்துரைக்கும் சொல்லையும் ஆண்டார். இது ஆசனத்துக்கு வெளியே நிகழ்ந்தது. இங்கே விதி இல்லாமல் இல்லை. அரசியல் பொருள்கள் குறித்தும், நீதிமன்றத்தின் முடிவுக்கு வரக்கூடியவை குறித்தும் பொதுமேடையில் கருத்துரைக்கலாகாது என எட்டாவது விதி ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. பேசிய பொருள் பொதுக் குடிமைச் சட்டம். இதைவிடத் தெளிவான மீறல் கற்பனைக்கும் எட்டாது. டிசம்பர் 13 அன்று மாநிலங்களவை உறுப்பினர்கள் 55 பேர் பதவிநீக்கத் தீர்மானத்துக்கு அறிவிப்புக் கொடுத்தனர். உச்ச நீதிமன்றக் கொலீஜியம் அவரை அழைத்துப் பேசியது. எட்டாவது விதியை மீறியதற்கென்று விதிகளில் தண்டனை ஏதும் இல்லை. அறிவுரைக்கும் பதவிநீக்கத்துக்கும் இடையில் 1995இல் சுட்டிக்காட்டப்பட்ட அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது.

1999இல் ஏற்கப்பட்ட உள்ளக விசாரணை முறை நீதிபதிகளை நீதிபதிகளே விசாரிக்க வழிசெய்கிறது. ஆனால் அதற்குச் சட்டமன்ற அடித்தளம் இல்லை. 2019 ஏப்ரலில் தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய், தம்மீதே எழுந்த பாலியல் துன்புறுத்தல் புகார் குறித்துக் கூடிய சிறப்பு அமர்வில் தாமே அமர்ந்தார். தன் வழக்கில் தானே நடுவராகலாகாது என்பது எந்த நாட்டு நீதிநூலிலும் முதல் பாடம். நீதித்துறைத் தரங்கள் மற்றும் பொறுப்புடைமை மசோதா 2010இல் அறிமுகமாகி, 2012இல் மக்களவையில் நிறைவேறி, 2014இல் அவை கலைந்ததோடு காலாவதியாயிற்று. 1997இல் விதிகளோடு சேர்த்து எடுக்கப்பட்ட தீர்மானம், நீதிபதிகள் தம் சொத்துகளைத் தலைமை நீதிபதியிடம் தெரிவிக்கவேண்டும் என்றது. அவற்றைப் பொதுமக்கள் காண வெளியிடுவது என உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழுக் கூட்டம் 2025 ஏப்ரல் 1 அன்று முடிவெடுத்தது. இடையில் 28 ஆண்டுகள்.

இனி அளவுகோலை அளப்போம். இத்தகைய பொருள்களை நம் இதழ்கள் கையாளும்போது ஒரு வழக்கமான தொனி தலைதூக்குகிறது: எல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தன என்பதே அது. இருந்தன, ஏட்டில் இருந்தன. அதபுல் காழி நூல்களுக்கும் செயலாக்கும் கரம் இல்லை. காழியை அமர்த்தியவர் ஆட்சியாளர், நீக்கியவரும் அவரே. ஒழுக்கந்தவறிய காழியும் ஆட்சியாளருக்கு இணங்காத காழியும் ஒரே வாயில்வழியாகத்தான் வெளியேற்றப்பட்டனர். 1384இல் கெய்ரோவில் மாலிக்கீ தலைமைக் காழியாக அமர்ந்த இப்னு கல்தூன், பெரியோரின் பரிந்துரைகளை ஏற்க மறுத்ததாலும் பொய்ச்சாட்சிகளை ஒடுக்கியதாலும் பகை தேடிக்கொண்டதைத் தம் தன்வரலாற்றில் விவரிக்கிறார். மறு ஆண்டே பதவி பறிபோயிற்று. பின்னர் பலமுறை அமர்த்தப்பட்டும் நீக்கப்பட்டும் அலைந்தார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் காழிப் பதவியை மறுத்ததைத் தக்வாவின் சான்றாக மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். அமைப்பின்மீது அவர்கள் கொண்ட அவநம்பிக்கையின் சான்றாகவும் அதை வாசிக்கலாம்.

இன்னொன்று கசப்பானது. சமமாக அமர்த்துதல் என்னும் விதியை மேலே புகழ்ந்தோம். நம் கடற்கரை ஊர்களின் மத்ஹபான ஷாஃபிஈ மரபில், இமாம் நவவியின் 'மின்ஹாஜ்', முஸ்லிம் வழக்காளியைத் திம்மி வழக்காளியைவிட உயர்வாக அமர்த்துவதே சரியான கருத்து என்கிறது. ஹனஃபி நூல்கள் வழக்காளிகளிடையே சமத்துவத்தைப் பொதுவாக வலியுறுத்தும் இடத்தில், ஷாஃபிஈ மரபு இந்த விலக்கை வைக்கிறது. பெரும்பான்மையின் விருப்பமே சட்டம் என்று பேசிய நீதிபதியை நோக்கி விரல் நீட்டும் நாம், ஆட்சி நம் கையில் இருந்த காலத்தில் இருக்கையின் உயரம் யாருக்கு எவ்வளவு என்று நம் அறிஞர்கள் வகுத்ததையும் படிக்கவேண்டும். அக்காலச் சூழல் வேறு என்னும் சமாதானம் ஓரளவே உதவும். அதே சூழலில் வாழ்ந்த ஹனஃபி அறிஞர்கள் அந்த விலக்கைப் பொதுவிதியில் சேர்க்கவில்லையே.

ஆட்சி இல்லாவிடினும் தீர்ப்பளிக்கும் ஆசனம் நம்மிடம் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. 1880ஆம் ஆண்டின் காழிகள் சட்டம் காழிக்கு நீதி அதிகாரம் எதனையும் வழங்கவில்லை. தாருல் கழாக்களின் முடிவுகளுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனாலும் மஹல்லா ஜமாஅத்துகளின் முன் தலாக், குல்உ, ஜீவனாம்சம், பாகப்பிரிவினை என வழக்குகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஊர் விலக்கு என்னும் சொல்லின் அச்சத்தால் அங்கே சொல்லப்படுவது தீர்ப்பாகவே நடைமுறையில் செல்லுபடியாகிறது. நிர்வாகிகளில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டாருக்கு மைத்துனர் முறையாகிறார். அவர் எழுந்து வெளியே போகவேண்டும் என்று எந்த ஜமாஅத்தின் விதியேட்டிலும் எழுதப்பட்டிருப்பதாக நாம் அறியோம். ஒரு தரப்பைக் கேட்டபின் மறுதரப்பையும் கேட்காமல் முடிவு செய்யலாகாது என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பாடத்தை ஜும்ஆ மேடையில் கேட்டவர்களே அங்கும் அமர்ந்திருக்கிறார்கள். ஹிதாயாவின் காழிப் பகுதியை ஓதிப் பட்டம் பெற்ற ஆலிமும் பெரும்பாலும் அதே சபையில் இருக்கிறார். விசாரணை தலைவரின் வீட்டில் நடக்கிறது. முன்னதாக வந்த தரப்பு கூடத்தில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணின் தந்தை வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.